நர்சிங் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

வாசகர் கேள்வி:

அக்கா, நாங்கள் தாராவியில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மாவும் நானும் வீட்டிலேயே இட்லி அவித்துக் கொடுக்கிறோம், மாமா சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். தங்கைக்கு 17 வயது. ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தாள், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். இந்த வருடம் பத்தாவதில் கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் மூன்றும் போய்விட்டது. எங்கள் சால் வரிசை வீடுகளில் உள்ள ஒரு அண்ணன், ஒரு வருட நர்சிங் டிப்ளமா இருக்கிறது, பத்தாவது பெயிலானாலும் சேர்ப்பார்கள், 45,000 ரூபாய், முடித்ததும் ஆஸ்பத்திரியில் வேலை என்கிறார். மார்க் ஷீட்டையும் எல்.சி. என்கிற பள்ளி விடுப்புச் சான்றையும் கொடுத்தால் உடனே சீட் போட்டுவிடுவாராம். அம்மா, மாதாமாதம் பெண்களுக்கு அரசு தரும் லாட்கி பஹின் பணத்தைத் தொடாமல் 25,000 சேர்த்து வைத்திருக்கிறாள், மீதிக்கு நகையை வைக்கலாம் என்கிறாள். மாமாவோ, 'எதுக்கு வீண் செலவு, நைன்டி ஃபீட் ரோட்டில் ஃப்ரீயா தையல் கிளாஸ் இருக்கு, அதுக்குப் போகட்டும், 18 ஆனதும் ஊரில் மாப்பிள்ளை பார்ப்போம்' என்கிறார். தங்கை எதற்கும் வாயைத் திறப்பதில்லை. படி என்று சொன்னால் கிரைண்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு 23 வயது, நானும் ஒன்பதாவதோடு நின்றவள்தான். அவளாவது நன்றாக வர வேண்டும். எதில் சேர்க்கட்டும்?

பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அசல் மார்க் ஷீட்டையும் எல்.சி.யையும் அந்த அண்ணனிடம் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால், மிச்சத்தைப் படிப்பதற்கு முன்னால் போய் வாங்கி வந்துவிடுங்கள். இடம் இருக்கிறதா என்று பார்க்க ஜெராக்ஸ் போதும். இடைத்தரகர்கள் அசலைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, 'இந்தப் படிப்பு சரியில்லை, நான் வரவில்லை' என்று பெண் சொன்னால், 'முழு ஃபீஸையும் கட்டிவிட்டு எல்.சி.யை எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லலாம். எல்.சி.யை மீட்பதற்காக வட்டிக்கு வாங்கிக் கட்டிய அம்மாக்களை எனக்குத் தெரியும். படிப்பும் இல்லை, பணமும் இல்லை, அடுத்த அட்மிஷனும் போய்விட்டது.

இனி அந்த டிப்ளமாவைப் பற்றி. நர்ஸாகவோ துணை நர்ஸாகவோ அரசுப் பதிவு பெறுவதற்கு நம் நாட்டில் மூன்று படிப்புகள்தான் வழி. ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மருத்துவச்சி) இரண்டு வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங்-மருத்துவச்சி) மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். மூன்றுக்குமே பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும், இங்கே அது மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சில். பத்தாவது தேறாத பெண்ணை ஒரு வருடத்தில் நர்ஸாக்கும் படிப்பு எதுவும் சட்டப்படி இல்லை. அந்த அண்ணன் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை முடித்தால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் கிடைக்குமா?' கிடைக்கும் என்றால் கல்லூரியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கவுன்சில் அங்கீகரித்த பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இந்த மாதிரி டிப்ளமா முடித்த பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள்? வெள்ளைக் கோட்டுப் போட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் ஆள் அனுப்பும் ஒரு ப்யூரோ மூலமாக ஏதாவது ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், அல்லது சின்ன நர்சிங் ஹோமில் ஆயா வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ப்யூரோ மாதாமாதம் கமிஷன் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை, அதற்கு நல்ல பயிற்சியும் வேண்டும். அரசுத் திறன் பயிற்சியிலேயே வீட்டு நோயாளி உதவியாளர், பொதுப் பணி உதவியாளர் என்ற பெயர்களில் சில மாதக் குறுகியகாலப் படிப்புகள் இருக்கின்றன. அதற்கு 45,000 ரூபாய் தேவையில்லை, நகையை வைக்க வேண்டியதும் இல்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் உங்கள் தங்கைக்கு உண்மையிலேயே மனது இருந்தால், பன்னிரண்டாவது முடித்து ஏ.என்.எம். போவதுதான் நேர் வழி. எந்தப் பிரிவில் பன்னிரண்டாவது படித்திருந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

மாமா சொல்லும் தையல் கிளாஸுக்கு வருவோம். இலவசம், வீட்டுக்குப் பக்கம், பெண்கள் மட்டும் வருகிற இடம். மாமாவுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று புரிகிறது. ஆனால் எந்த கிளாஸில் சேர்ப்பதாக இருந்தாலும், அங்கிருந்து முடித்துப் போன இரண்டு பெண்களைத் தேடிப் பிடித்து, இப்போது மாதம் என்ன கையில் வருகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் சேருங்கள். தாராவியின் கார்க்கானாக்களில், அதாவது சின்னத் தையல் பட்டறைகளில், ஓடுவது ஜூகி என்ற வேகமான மோட்டார் மெஷினும் ஓரம் அடிக்கும் ஓவர்லாக்கும். பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து வந்த ஆண்கள் அங்கேயே தங்கி, பீஸ் ரேட்டுக்கு ராத்திரி வரை அடிக்கிறார்கள். கால் மெஷினில் ஜாக்கெட்டும் பாவாடையும் கற்றுக்கொண்ட பதினேழு வயதுப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்-பிக்கோ அடிக்கலாம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாலு ஜாக்கெட் வரும். ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் தொழில்நுட்பம் என்று ஒரு வருட ட்ரேடு (தொழிற்பிரிவு) இருக்கிறது, அது வேறு. ஏற்றுமதி யூனிட்டுக்கோ டிசைனரிடமோ போக நினைத்தால் அந்தச் சான்றிதழ் உதவும். பெண் என்பதற்காகவே தையல், பார்லர், மெஹந்தி என்று மூன்றே கதவைத் திறந்து வைப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே சந்தில் இருபது பெண்கள் அதே மூன்றையும் கற்றுக்கொண்டால் அந்தச் சந்தில் யார் யாருக்குத் தைத்துக் கொடுப்பது?

சரி, எதில் சேர்ப்பது? எதிலும் சேர்ப்பதற்கு முன்னால் பத்தாவதை முடிக்க வேண்டும். நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். ஆனால் இந்த நகரத்தில் ஒரு பெண்ணுக்கு நிலையான சம்பளம் தரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசலில் கேட்பது அந்த ஒரு தாள்தான்.

மகாராஷ்டிரா போர்டு பத்தாவதுக்கு ஜூன், ஜூலையில் சப்ளிமெண்டரி தேர்வு வைக்கிறது. அதற்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ரிசல்ட் வந்த சில நாளிலேயே ஃபாரம் தொடங்கிவிடும். இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றோ இரண்டோ பாடத்தில் மட்டும் போனவர்களை ஏ.டி.கே.டி. என்று பதினொன்றாவதில் சேர்த்துக்கொள்வார்கள், பாக்கிப் பாடத்தை அப்புறம் எழுதி முடிக்கலாம். உங்கள் தங்கைக்கு மூன்று போயிருக்கிறது. சப்ளிமெண்டரியில் ஒன்றைத் தேறினாலே அவள் அந்த வரிசைக்கு வந்துவிடுவாள். மூன்றையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்லி மிரட்டாதீர்கள். அவளுக்கு எதில் பாதியாவது தெரிகிறதோ அதை முதலில் பிடிக்கட்டும். இங்கிலீஷாக இருக்கலாம், சயின்ஸாக இருக்கலாம்.

சப்ளிமெண்டரியிலும் வரவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை. என்.ஐ.ஓ.எஸ். என்று மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு நடத்துகிறது, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. பதிவு ஐந்து வருடம் செல்லும், பாடம் பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது தேறியிருக்கும் பாடங்களில் இரண்டின் மார்க்கை அங்கே மாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பத்தாவதைத் தமிழிலேயே எழுதலாம். ஏழாவது வரை தமிழில் நன்றாகப் படித்த பெண், எட்டாவதில் திடீரென்று இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போவதை தாராவியில் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். அவள் மக்கு இல்லை. கேள்வி புரியாத இடத்தில் பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் கணக்கை விட்டுவிட்டு ஹோம் சயின்ஸ், டேட்டா என்ட்ரி என்று எடுத்துக்கூடத் தேறலாம். ஆனால் அவசரப்பட்டுக் கணக்கை விடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் மாதிரி ட்ரேடுகளுக்குப் பத்தாவதில் கணக்கும் சயின்ஸும் தேறியிருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் என்று நான் சொன்னதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 'கிரைண்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்' என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நர்சிங், தையல், கல்யாணம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள், அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட அந்தக் கடிதத்தில் இல்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்து அவள் எதிர்காலத்தை நானும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஒரு சாயங்காலம், அம்மாவும் மாமாவும் பக்கத்தில் இல்லாதபோது, 'அதை ஏன் கழற்றினாய், உள்ளே என்ன இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை நாள் பேசாமல் இருந்தவளும் அந்தக் கேள்விக்குப் பேசுவாள் என்று நினைக்கிறேன்.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இட்லி விற்கும் வீட்டில் வேலை எப்போது தொடங்கும் என்று எனக்குத் தெரியும். விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு எரிய வேண்டும், ஆறு மணிக்குள் பாத்திரம் சைக்கிளில் ஏற வேண்டும். சாயங்காலம் அரிசி, உளுந்து ஊறவைத்து ராத்திரி அரைக்க வேண்டும். நடுவில் தண்ணீர் வரும் நேரத்துக்கு டிரம் நிரப்ப வேண்டும். உங்கள் தங்கை இதில் எதையும் செய்வதாக நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே அவள் எல்லாவற்றையும் செய்கிறாள் என்று ஊகிக்கிறேன், அது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. இப்படி ஒரு வேலை நாளை முடித்துவிட்டு ஸ்கூலுக்குப் போகும் பெண்ணுக்கு சயின்ஸ் பாடத்தில் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

பயிற்சி என்றால் எல்லோரும் ஃபீஸ் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இந்த வேலையில் இத்தனை காலம் இருந்து நான் கண்டது வேறு. இலவசப் படிப்பில் சேர்ந்த பெண்களும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். நின்றதற்குக் காரணம் கேட்டால், தம்பிக்குச் சோறு வைக்க ஆளில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் வரும் நேரமும் பேட்ச் நேரமும் ஒன்று, சென்டரில் தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ் இல்லை என்று சொல்கிறார்கள். பாடம் கஷ்டம் என்று சொன்னவர்கள் குறைவு. 2023-24 அரசுக் கணக்கெடுப்பின்படி, நம் நகரங்களில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 28 விழுக்காடுதான். கற்றுக்கொள்ள முடியாததால் மற்றவர்கள் வீட்டில் இருக்கவில்லை. வீட்டு வேலையிலிருந்து அவர்களை யாரும் விடுவிக்கவில்லை.

அதனால் அம்மா சேர்த்து வைத்த 25,000 ரூபாய்க்கு என் யோசனை இது. நகையைத் தொட வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, காலையில் இட்லி ஊற்றவும் பாத்திரம் கழுவவும் பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது தேர்வு முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பகுதியில் கணக்குக்கும் சயின்ஸுக்கும் ட்யூஷன், தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்தவராகப் பாருங்கள். தங்கை ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருக்கட்டும். அம்மாவுக்கு இது பெரிய ஊதாரித்தனமாகத் தெரியும், 'கையும் காலும் நன்றாக இருக்கிற பெண் வீட்டில் இருக்கும்போது கூலி ஆளா' என்பார். கோர்ஸுக்கு 45,000 கட்டத் தயாரான அம்மா இதற்கு அதில் ஒரு பங்குதான் செலவழிக்கப் போகிறார் என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பத்தாவது தேறிய பிறகு ஐ.டி.ஐ. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் குறைவு, பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ட்ரேடு ஒரு வருடம். எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், ஏசி மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். பத்தாவது தேறாதவர்களுக்கும் சில ட்ரேடுகள் திறந்திருக்கின்றன, வேறு வழியே இல்லை என்றால் அதையும் பார்க்கலாம். அட்மிஷன் ஆன்லைனில்தான், பத்தாவது ரிசல்ட்டை ஒட்டித் தொடங்கும். தனியார் ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசின் பயிற்சி இயக்ககத்தின் (டி.ஜி.டி.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. லேபர் கேம்ப் பக்கம் போகும்போது ரயில்வேயின் மாதுங்கா ஒர்க்‌ஷாப்பைத் தினமும் பார்த்திருப்பீர்கள். மத்திய ரயில்வே அங்கேயும் பரேல் ஒர்க்‌ஷாப்பிலும் அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கிறது. பத்தாவதில் 50 விழுக்காடு மார்க்கும் அந்த ட்ரேடில் ஐ.டி.ஐ. சான்றிதழும் கேட்பார்கள், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. 2019இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்த அப்ரென்டிஸுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை. ரயில்வே அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கு, அப்புறம் லெவல்-1 என்ற கடைநிலை வேலைக்கு ஆள் எடுக்கும்போது 20 விழுக்காடு இடம் தனியாக இருக்கிறது. வேலை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், போட்டி அதிகம். ஆனால் அந்தச் சான்றிதழோடு ரயில்வே அல்லாத இடங்களிலும் வாசல் திறக்கும்.

'பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகுமா' என்று மாமா கேட்பார். மாதுங்கா ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 2017இலிருந்து அந்த ஸ்டேஷனைப் பெண் ஊழியர்களே நடத்துகிறார்கள். சதாரா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சுரேகா யாதவ், கராடில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்துவிட்டு 1980களின் கடைசியில் ரயில்வேயில் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் வாங்கினார், 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ரயிலை ஓட்டி வந்தார். நாம் தினமும் ஏறி இறங்கும் லோக்கல் ரயில்தான் அவருடைய வேலை இடமாகவும் இருந்தது என்பதை மாமாவிடம் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 18 என்பது சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச வயது, அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாமாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர்தான் சைக்கிள் மிதிக்கிறார், அவர் இல்லாமல் உங்கள் வீடு ஓடாது. 'கல்யாணம் வேண்டாம்' என்று சொன்னால் வாக்குவாதம்தான் வரும். 'ஐ.டி.ஐ. முடியட்டும், 21இல் பார்க்கலாம்' என்று ஒரு வயதைச் சொன்னால் அவர் ஊரில் பதில் சொல்லவும் வசதியாக இருக்கும்.

காகிதங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தங்கையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று. கடைசி இரண்டுக்கும் சேது என்ற அரசுச் சேவை மையத்திலோ ஆப்லே சர்க்கார் என்ற மாநில அரசு இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று வேண்டுமென்றால் அதற்கு ஒரு தேதி இருக்கிறது. பட்டியல் சாதியினர் என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததைக் காட்ட வேண்டும், ஓ.பி.சி. என்றால் 1967 அக்டோபர் 13. அதற்குப் பின்னால் வந்த குடும்பத்துக்கு ஊரில் உள்ள சாதிச் சான்று இங்கே மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்திலேயே வந்தவர்கள் தாராவியில் நிறைய. வந்தது உண்மை, காட்டத்தான் காகிதம் இல்லை. தாத்தாவோ பெரிய தாத்தாவோ மாநகராட்சிப் பள்ளியில் படித்திருந்தால் அந்தப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளிலும் தேடலாம். ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் எந்தப் பழைய தாளையும் அம்மா தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் பெண்களுக்கான இடம் பெண் என்பதற்காகவே உண்டு, மனம் தளர வேண்டாம்.

தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று தோன்றினால், ஜன் ஷிக்‌ஷண் சன்ஸ்தான் என்ற மத்திய அரசுத் திறன் பயிற்சி மையத்தில் விசாரியுங்கள். 1967இல் ஷ்ரமிக் வித்யாபீட் என்ற பெயரில் முதன்முதலாக நம் மும்பையில்தான் அது தொடங்கியது, தொழிலாளர் குடும்பங்களுக்காக. 15 முதல் 45 வயது வரை, பள்ளியை நடுவில் விட்டவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்தப் பயிற்சி மையமாக இருந்தாலும் பணமோ கையெழுத்தோ கொடுப்பதற்கு முன்னால் நீங்களும் தங்கையும் சேர்ந்து ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். மெஷின்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். கக்கூஸ் கதவைத் திறந்து பாருங்கள். கடைசி பேட்ச் எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த நேரத்தில் அந்தச் சந்தில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே படிக்கும் பெண்களிடம் சார் இல்லாதபோது நாலு வார்த்தை பேசுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருடச் சட்டம். பயிற்சியில் இருப்பவருக்கும் அப்ரென்டிஸுக்கும் அது பொருந்தும். வேலைக்குப் போகும் முதல் நாளே இது தங்கைக்குத் தெரிந்திருக்கட்டும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'நானும் ஒன்பதாவதோடு நின்றவள்தான்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். 23 ஒன்றும் பெரிய வயது இல்லை. பள்ளியை விட்டவர்கள் மகாராஷ்டிரா போர்டில் 17ஆம் நம்பர் ஃபாரம் போட்டுத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், அல்லது தங்கையோடு சேர்ந்தே என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிவு செய்யலாம். காலையில் ஆள் வைத்துக்கொள்ளும்போது உங்களுக்கும் ஒரு மணி நேரம் மிச்சப்படும்படி பேசி வையுங்கள். ட்யூஷன் சொல்லிக்கொடுக்க வருபவர் ஒருவருக்குச் சொல்வதை இருவருக்குச் சொல்லட்டும்.

இப்போதைக்கு அவசரம் சப்ளிமெண்டரி ஃபாரம்தான். நாளைக்கே ஸ்கூலுக்குப் போய்க் கடைசித் தேதி என்ன என்று க்ளாஸ் டீச்சரிடம் கேளுங்கள். தாமதக் கட்டணத்தோடு இன்னும் சில நாள் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஃபாரத்தில் எந்தெந்தப் பாடம் என்று அவளே எழுதட்டும்.